மின்னேற்ற லாந்தர் (எல்.இ.டி. முகாம் விளக்கு)

கூடாரத்திலும் திறந்தவெளியிலும் நாற்புறமும் ஒளி பரப்பும், மீண்டும் மின்னேற்றக்கூடிய சிறு கைவிளக்கு. மண்ணெண்ணெய் லாந்தரின் வழித்தோன்றல்.

மின்கலம்: பெரும்பாலும் 18650 வகை லித்தியம்-அயன் கலம், விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட் காட்டும். 3,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவைக் கலத்தின் சராசரி அழுத்தமான 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 10.8 வாட்-மணி. சுற்றில் பத்தில் ஒரு பங்கு வீணானாலும், 1 வாட் விளக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கும் சற்று மேல் எரியும். ஓர் இரவுக்கு அது போதும்.

ஒளி: நீல எல்.இ.டி. சில்லின் மீதுள்ள மஞ்சள் பாஸ்பர் பூச்சே வெண்மையைத் தருகிறது. நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோர் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். கலத்தின் அழுத்தம் இறங்கினாலும் வெளிச்சம் மங்காதிருக்க மாறா மின்னோட்டச் சுற்று தேவை. பால்நிற மூடி கண்கூச்சத்தைத் தணிக்கும். மஞ்சள் சாயல் கொண்ட ஒளி பூச்சிகளைக் குறைவாக ஈர்க்கும்.

பாதுகாப்பு: மிகை மின்னேற்றம், மிகை வடிதல், குறுக்குச்சுற்று ஆகியவற்றைத் தடுக்கும் சுற்று இன்றியமையாதது. எல்.இ.டி.யின் வெப்பம் கலத்தைத் தாக்காதபடி அலுமினியத் தகடு அதை வெளியே கடத்த வேண்டும்.

சிங்கப்பூர்ச் சூழல்: புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தை ஒட்டிய செங்ஹுவா இயற்கைப் பூங்கா முகாமிடும் இடமன்று. பாசிர் ரிஸ், ஈஸ்ட் கோஸ்ட் போன்ற பூங்காக்களில் குறித்த பகுதிகளில் அனுமதி பெற்றே கூடாரமிடலாம். ஆண்டு முழுதும் மழையும் ஈரப்பதமும் மிகுந்த இத்தீவில், மின்னேற்றத் துளைக்கு ரப்பர் மூடியும் மூட்டுகளில் நீர்த்தடுப்பு வளையமும் அவசியம்.