ஓய்ந்த மின்தேக்கிக்கு மறுவாழ்வு



சென்ற பள்ளி விடுமுறையில் என் தந்தையாரின் வால்வு வானொலியைப் பரணிலிருந்து இறக்கினேன். பல்லாண்டுகள் உறங்கிய அப்பெட்டியை ஆர்வ மிகுதியால் நேரே மின்சாரத்தில் இணைத்தேன். முதலில் பெரும் இரைச்சல், பின்னர் ‘பட்’டென ஒரு வெடிப்பு, அறை முழுதும் புகை. உள்ளிருந்த இரு மின்பகுளி மின்தேக்கிகளுள் ஒன்று வெடித்துவிட்டது. எங்குத் தவறினேன் என்று தேடியபோது, நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்றை அறிந்துகொண்டேன்.

அலுமினியத்தைத் தக்க கரைசலில் அமிழ்த்தி மின்னோட்டம் செலுத்தினால், அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி மின்சாரத்தைத் தடுக்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்த உண்மை இது. போலந்து இனத்தவரான கரோல் பொலாக் என்னும் பொறியாளர், நடுநிலையான அல்லது சற்றே காரத்தன்மையுள்ள கரைசலில் அப்படலம் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் நிலைத்திருப்பதைக் கண்டார். 1896இல் மின்தேக்கிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். தொடக்கக் கால மின்தேக்கிகள் கரைசல் நிரம்பிய கலன்களாகவே இருந்தன. 1925இல் அமெரிக்கரான சாமுவேல் ரூபன் இரண்டாவது உலோகத் தகட்டைச் சேர்த்து இன்றைய வடிவத்திற்கு வித்திட்டார். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் வானொலிகள் பரவியபோது, அவற்றின் இரைச்சலை அடக்க இம்மின்தேக்கிகளே கைகொடுத்தன.

அப்படலத்தின் தடிப்பு, ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் மட்டுமே. நெடுங்காலம் மின்சாரமின்றிக் கிடந்தால் அது நலிவடையும். அந்நிலையில் முழு மின்னழுத்தத்தையும் ஒரே வேளையில் கொடுத்தால், கசியும் மின்னோட்டம் வெப்பத்தையும் வாயுவையும் உண்டாக்கி மின்தேக்கியை வெடிக்கச் செய்யும். நான் செய்த தவறு இதுவே.

எஞ்சிய மின்தேக்கியைக் கழற்றி, ஒரு மின்தடையின் வழியாக மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தினேன். கசிவு குறையக் குறைய அடுத்த படிக்குச் சென்றேன். படலத்தை முதலில் உருவாக்கிய அதே மின்னோட்டம், சிறிய அளவில், அதை மீண்டும் வளர்த்தது. ஐந்து மணி நேரத்திற்குப் பின் கசிவு அடங்கியது. வெடித்ததற்குப் பதிலாகப் புதியதொன்றை வைத்தேன். அன்றிரவு தந்தையாரின் வானொலி மீண்டும் பேசியது.

ஆயினும் எல்லா மின்தேக்கிகளும் மீள்வதில்லை. உப்பியதையும், கசிந்ததையும், உள்ளே கரைசல் வறண்டதையும் எம்முயற்சியாலும் மீட்க இயலாது, அகற்றுவதே முறை. வால்வு வானொலியில் பல நூறு வோல்ட் மின்சாரம், இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் தங்கியிருக்கும், உயிரைப் பறிக்கும். ஆகவே அதை மாணவர் கையில் கொடுக்க வேண்டா. அறிவியல் கழகத்தில் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்கள், பழைய 25 வோல்ட் மின்தேக்கியைக் கொண்டு, துருவங்களைச் சரிபார்த்துத் தாமே செய்து காட்டலாம்.

வீட்டில் பழைய வானொலி வைத்திருக்கும் பெற்றோர்களே, அதை உடனே மின்சாரத்தில் இணைத்துவிடாதீர்கள். அவசரத்தால் ஒன்றை இழந்தேன். பொறுமையால் ஒன்றை மீட்டேன்.