சதாசிவத்துக்கு மூன்று சைபர்

தொண்ணூறுகளில் கிண்ணியாப் பொடியன்கள் ஆடிய கிரிக்கெட்டில் பாதி கொப்பியில்தான் நடந்தது. பொழுதுபட்டால் வெளியில் நிற்க முடியாது, கரண்டும் இல்லை. திருகோணமலைக்குப் போவதென்றால் பாதை என்கிற மிதவை வரும்வரை கரையில் குந்தியிருக்க வேண்டும். 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில்தான். இந்தக் காத்திருப்புக்கெல்லாம் தோதான ஆட்டம் புத்தகக் கிரிக்கெட்.

கண்ணை மூடிப் புத்தகத்தை விரிக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ஓட்டம். 2, 4, 6 அப்படியே. 8 வந்தால் ஒன்று. சைபர் என்றால் ஆள் அவுட். எங்களிடம் இருந்தது சமூகக்கல்விப் புத்தகம். கட்டுத் தளர்ந்த புத்தகம் பழகின பக்கத்திலேயே போய் விரியும் என்பதால், பெரிய ஆட்டங்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து புதுசு வாங்கி வருவோம்.

ஆடியவர்கள் நிசமான ஆட்கள். அவர்கள் வாழ்க்கையைத்தான் நாங்கள் மாற்றி எழுதினோம். தொடக்கி வைத்தது வாப்பா. "சதா மட்டையத் தூக்கினா பந்துதான் பாவம் மகன்" என்பார். மகாதேவன் சதாசிவம் 1947 இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 எடுத்தவர். 1948 மார்ச்சில் கொழும்பு ஓவலில் பிராட்மனின் அணிக்கு எதிரே இலங்கைக்குத் தலைமை தாங்கினார். (அன்று ஆடுகளம் 22 யாருக்குப் பதில் 20 யார்தான் இருந்தது. அளந்தவரை யாரும் கொப்பியில் சேர்க்கவில்லை.) பிறகு மனைவியைக் கொன்றதாக வழக்கு வந்து, சிறையிலிருந்து, விடுதலையானார். அதன்பின் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தலைவர். 1977 இல் காலமானார். இலங்கை தன் முதல் டெஸ்ட்டை ஆடியது 1982 பெப்ரவரி 17 அன்று, அதே ஓவலில்.

அந்த டெஸ்ட்டில் சதாவை இறக்க முடிவுசெய்தோம். அங்கேதான் கணக்கு இடித்தது. ஒரு சைபர் விழுவதற்குள் மற்ற நாலு இலக்கமும் ஒவ்வொரு தரம் விழும் என்று வைத்தால், ஆளுக்குச் சராசரி 13. பிராட்மனுக்கும் 13, பதினோராம் ஆளுக்கும் 13. சதாவின் முதல்தர ஆட்டச் சராசரியோ 41.83. எனவே அவருக்கு மூன்றாவது சைபரில்தான் அவுட் என்று சட்டம் போட்டோம், 39 வரும். நாலு கொடுத்தால் 52. அது செல்லம் கொடுப்பதாகிவிடும் என்று விட்டோம்.

அமெரிக்காவில் பேஸ்போலுக்கு இந்த வேலையைச் செய்கிற ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் 1961 இலேயே வந்துவிட்டதென்று பின்னாளில் அறிந்தேன். ஆளுக்கொரு அட்டை, அதில் அவர் நிசமாக ஆடிய கணக்கு, உருட்ட தாயக்கட்டை. நிறத்தைக் காட்டி மேஜர் லீக்கில் சேர்க்கப்படாத கறுப்பின ஆட்டக்காரர்களுக்கும் பின்னர் அட்டை அடித்தார்கள். அவர்களில் ஜோஷ் கிப்சன் செத்தது 1947 ஜனவரியில். ஜாக்கி ராபின்சன் அந்த நிறத்தடையை உடைத்தது மூன்று மாதம் கழித்து.

எங்கள் கொப்பியில் பெரிய சண்டை பந்துல வர்ணபுரவால் வந்தது. இலங்கையின் முதல் டெஸ்ட் தலைவர்; முதல் ஓட்டமும் அவருடையது. ஆடியது 4 டெஸ்ட். 1982 கடைசியில் நிறவெறித் தென்னாபிரிக்காவுக்குப் போன அணியில் அவரும் போக, எல்லோருக்கும் 25 வருடத் தடை. தடையைப் பிறகு நீக்கினார்கள், வயது காத்திருக்குமா? விக்கெட் காப்பில் மஹேஷ் குணதிலக்கவை விஞ்ச ஆளில்லை என்பார்கள். அதே அணியில் போன அவரும் 5 டெஸ்ட்டோடு சரி.

இவர்களுக்கு மிச்ச டெஸ்ட்களைக் கொடுக்கலாம் என்றேன் நான். "வெள்ளைக்காரன்ட காசுக்குப் போனவங்கட பேர நம்மட கொப்பியில எழுத ஏலா" என்று ஒருவன் பேனையைப் பறித்துக்கொண்டான். அவன் பேச்சில் இருந்த நியாயம் எனக்குப் பிடிபட நாளானது. கிப்சனுக்கும் சதாவுக்கும் வாசல் திறக்கவே இல்லை. இவர்கள் திறந்த வாசலால் உள்ளே வந்து, தாங்களாகவே வெளியே போனவர்கள். ஆனாலும் குணதிலக்கவை மட்டும் விட மனம் வரவில்லை. துடுப்பெடுக்கக் கூடாது, காப்பாளராக நிற்கலாம் என்று சமரசம் செய்தோம்.

சதா? முதல் இன்னிங்ஸில் அடுத்தடுத்து மூன்று சைபர். திரும்ப ஆட வாப்பாவே விடவில்லை.