நத்தமும் சேரியும்: காவிரிக்கரையில் வாழ்தல்

உலகத்தில் எந்த ஊரில் வாழ ஆசை என்று கேட்டால், நவீனத் தமிழ் இலக்கியத்தில் ஊறியவர்களில் பலர் அதிகம் யோசிக்காமல் கும்பகோணம் என்றோ திருவையாறு என்றோ சொல்லிவிடுவார்கள். சொல்பவர்களில் எத்தனை பேர் அங்கே ஒரு ஐப்பசி மழையையாவது முழுதாகக் கழித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். 'மோகமுள்' படித்திருப்பார்கள், அது போதுமானதாக இருக்கிறது. படித்துறை, வெற்றிலைக் கொடிக்கால், மாலை நேரத்துத் தம்புரா என்று நம் மனதில் ஒரு தஞ்சாவூர் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

அந்தத் தஞ்சாவூரை நமக்கு எழுதிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதைவிட்டு வெளியே வாழ்ந்தவர்கள். தேவங்குடியில் 1921ல் பிறந்த தி. ஜானகிராமன் வானொலிப் பணியில் சென்னைக்கும் பின்னர் தில்லிக்கும் போனார். காவிரியின் கரையோடு பயணம் செய்து சிட்டியுடன் சேர்ந்து 'நடந்தாய் வாழி, காவேரி' எழுதியபோது அவர் அந்த ஆற்றுக்கு ஒரு விருந்தாளிதான். உ.வே.சா. 1880லிருந்து கும்பகோணம் கல்லூரியில் இருந்துவிட்டு, 1903ல் மாற்றலாகிச் சென்னைக்குப் போனார். இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. படிப்பும் உத்தியோகமும் அழைத்த திசையில் போனார்கள். ஆனால் ஏக்கத்தோடு எழுதப்பட்ட நிலம் ஒன்று, அதே நிலத்தில் விடிகாலையில் சேற்றில் இறங்கியவர்களின் நிலம் இன்னொன்று. இரண்டாவது நிலத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எங்கே வாழ ஆசை என்பதல்ல அது. வாழ்ந்துகொண்டிருக்கும் இடத்தில் இருக்க யாருடைய அனுமதி வேண்டும் என்பது.

நிலத்தின் வசதியைப் பற்றிச் சந்தேகமில்லை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று கிளை கிளையாக நீர் கடலை நோக்கி இறங்குகிறது. நிலம் ஏறக்குறைய தட்டை. வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தானாக வரும். ஆனால் அது தானாகவே நிலைத்து நிற்பதில்லை. கொள்ளிடத்தின் படுகை ஆழமாகி, காவிரியில் மணல் மேடிட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்டாவுக்கு வரவேண்டிய நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1836ல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியது அதனால்தான். மேட்டூர் அணை 1934ல் வந்தது. தூர் வாராத வாய்க்கால் இரண்டு மூன்று ஆண்டுகளில் கோரை முளைத்துப் படுத்துவிடும். டெல்டாவின் செழிப்பு என்பது எப்போதும் மனித உழைப்பின் செழிப்பு. உழைக்கும் ஆட்கள் கைக்கெட்டும் தூரத்தில், ஓரிடத்தில் இருந்தாக வேண்டும்.

மனிதர்களை ஓரிடத்தில் இருத்துவது என்பதற்கு மிகப் பழைய, மிக விரிவான ஆவணம் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலேயே இருக்கிறது. ராஜராஜன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014ஐ ஒட்டி, சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியேற்றினான். அந்தக் கல்வெட்டு ஒரு வீட்டுவரிப் பதிவேடு போலப் போகிறது. எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீட்டில் இருந்தவள் திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. அவளைத் தொடர்ந்து திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறு என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

சோழர் காலத்து அரசாணைகளில் இத்தனை பெண்களின் பெயரும் முகவரியும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். பொற்காலம் பேசுபவர்களுக்கு இது பெருமை. நமக்கு இது கொஞ்சம் சங்கடமும்கூட. சேரமங்கைக்குத் திருவையாற்றை விட்டு வர விருப்பமிருந்ததா என்பதைக் கல்வெட்டு சொல்லாது. கல்வெட்டின் வேலையும் அதுவல்ல. ஆனால் ஓர் ஏற்பாடு மட்டும் கவனிக்கத் தக்கது. பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ வேற்று நாட்டுக்குப் போய்விட்டாலோ, அவருக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள ஒருவரை அவரே நியமிக்க வேண்டும். ஆள் போகலாம், இடம் காலியாக இருக்கக் கூடாது. ஊரை விட்டுப் போகிறவர்கள் உண்டு என்பது அரசனுக்குத் தெரிந்திருக்கிறது. (அவன் மகனே சில ஆண்டுகளில் தஞ்சையை விட்டுக் கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தலைநகரைக் கொண்டுபோனான்.)

அதே கோயிலின் வேறு கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கு வருகிறது. மொத்த நிலத்திலிருந்து வரி கட்ட வேண்டாத பகுதிகளைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், நடுவே ஓடும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற பெயரும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு. கணக்கெழுதியவனுக்கு அது ஒரு செய்தியே அல்ல. குளத்தைப் போல, வாய்க்காலைப் போல, நிலத்தின் இயல்பான அங்கம். பறைச்சேரிக்கு வரி இல்லை என்பதை அங்கே வாழ்ந்தவர்களுக்கான சலுகையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த மண் அவர்களுடையது என்று எங்கும் சொல்லப்படவில்லை.

பின்னாளில் மிராசு முறை என்று அழைக்கப்பட்ட ஏற்பாட்டில் இது இன்னும் தெளிவாகிறது. பண்ணையாளின் குடிசை நின்ற மனை பெரும்பாலும் மிராசுதாரருடையது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. மனை யாருடையது என்பதை அது தொடவில்லை. வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும். கூலி போதாது என்று முணுமுணுத்தால் மறுநாள் குடிசை இருக்காது. போவதற்கு இருந்த வழி கடல்தான். காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்கள் 1850களிலிருந்து கூலிகளை மார்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும் கொண்டுபோயின. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். உலகத்திலேயே வாழத் தகுந்த இடம் என்று நாம் கொண்டாடும் நிலத்திலிருந்து, ரப்பர்த் தோட்டத்தின் அட்டைக்கடி மேல் என்று போனவர்கள் அவர்கள். அவர்களில் யாரும் படித்துறையைப் பற்றி நாவல் எழுதவில்லை.

வெளியிலிருந்து வந்து இங்கே தங்கியவர்களின் வரிசை தனியானது. பிரஷ்யாவில் பிறந்த பாதிரியார் ஷ்வார்ட்ஸ் 1750ல் தரங்கம்பாடியில் இறங்கியவர் திரும்பிப் போகவே இல்லை. 1798ல் தஞ்சையில் இறந்தார். 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆய்வுக்காகத் தங்கிய சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய்க்கு அக்கிரகாரத்தில் வீடு கிடைத்தது. வெளியாளுக்கு எளிதில் கிடைக்காத சலுகை அது. அக்கிரகாரத்தில் குடியிருந்ததாலேயே சேரிக்குள் அவரால் அத்தனை இயல்பாகப் போய்வர முடியவில்லை. எந்தத் தெருவில் குடியிருக்கிறாய் என்பது எந்தத் தெருவுக்குப் போகலாம் என்பதையும் தீர்மானித்தது, வங்காளத்திலிருந்து வந்த அறிஞருக்குக்கூட.

தென் கன்னடத்தில் பிறந்த பி. சீனிவாச ராவ் 1943ல் தஞ்சைக்கு வந்தபோது தங்கியது சேரிகளில். விவசாயத் தொழிலாளர் இயக்கத்தை ஊர் ஊராகக் கட்டியவர் அவர். சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம். 1952ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்க முடியாது என்றது சட்டம். நிலவுடைமையாளர்கள் பலர் பண்ணையாள் முறையையே விட்டு தினக்கூலிக்கு மாறினார்கள். 1961ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டில் சீனிவாச ராவ் இறந்தார். திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. தமிழ் தாய்மொழியல்லாத ஒருவர் தஞ்சாவூரில் வாழத் தேர்ந்துகொண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை. ஆனால் இலக்கியப் பக்கங்களில் அவர் பெயர் அடிபடுவது குறைவு.

வெளியேற்றத்தைத் தடுத்த சட்டம் மனையை உரிமையாக்கவில்லை. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி இரவு, நெல்லாகத் தரும் கூலியை உயர்த்திக் கேட்டும் சங்கக் கொடியை இறக்க மறுத்தும் நின்ற கீழ்வெண்மணித் தொழிலாளர்களின் சேரிக்குள் நிலவுடைமையாளர்களின் ஆட்கள் புகுந்தார்கள். தப்பி ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு குடிசைக்குள் ஒதுங்கினார்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. இறந்தவர்கள் 44 பேர். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' இந்தச் சம்பவத்தைக் களமாகக் கொண்டது. அதற்கு 1977ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாவலின் பார்வையைப் பற்றி அன்று தொடங்கிய விவாதம் இன்றும் நம் கூட்டங்களில் ஓயவில்லை. அதை வேறொரு சமயம் பேசுவோம்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1971ல், தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உடைமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு, அந்தக் குடிசை நின்ற மண் சொந்தமானது. சட்டப் புத்தகத்தில் அதிகம் பேசப்படாத சட்டம்தான். ஆனால் ராஜராஜனின் கணக்கன் பறைச்சேரி என்று ஒற்றைச் சொல்லில் கழித்துவிட்டுப் போன இடத்துக்கு, அங்கே வாழ்பவரின் பெயரில் பட்டா எழுதும் வழியை அதுவே திறந்தது. பட்டா கைக்கு வந்து சேர்வது எல்லா ஊரிலும் ஒன்றுபோல நடக்கவில்லை.

வெண்மணிக்குப் பிறகு காந்தியவாதிகளான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கினார்கள். ராமநாதபுரம் பக்கத்துக்காரர் அவர். அவருடைய மனைவியும் டெல்டாவைச் சேர்ந்தவரல்ல. 1981ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பெயரில் எழுதப்பட்டது. ஜெகந்நாதன் 2013ல் மறைந்தார். நிலத்துக்குப் பிறகு அந்த அமைப்பு கையில் எடுத்தது வீடு கட்டும் வேலை. மழைக்கு ஒழுகும், ஒரு தீக்குச்சிக்கு எரிந்துவிடும் கூரைகளுக்குப் பதிலாக, அங்கே குடியிருப்பவர்களே மண் குழைத்துக் கல் அறுத்து எழுப்பும் செங்கல் வீடுகள்.