செத்தவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள்?

சாதி ஒழிப்பு பேசுகிற ஆளுக்குப் பேய்ப்படத்தில் என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேலி செய்வதுண்டு. பேய் இல்லை. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் பேய்ப்படம் இருக்கிறது. செத்தவர் எழுந்து வந்து கணக்குக் கேட்கிற கதையை நூறு வருடமாக உலகம் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யார் செத்தது, யார் கொன்றது, யார் பயப்படுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளோடு உட்கார்ந்து பாருங்கள். அது பொழுதுபோக்கு மட்டுமில்லை என்று தெரியும்.

திருப்பரங்குன்றத்துக்காரர்களுக்கு இந்தப் பித்து பிடிக்க இரண்டு வழிகள் இருந்தன. பஸ் ஏறி மதுரை ரயில் நிலையத்துப் பக்கம் போனால் ரீகல் டாக்கீஸ். விக்டோரியா எட்வர்டு மன்றத்தின் கட்டடம் அது. பகலில் படிப்பகம், பொழுது சாய்ந்தால் இங்கிலீஷ் படம். இன்னொரு வழி, திருவிழாவுக்குத் தெருவில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஓட்டிய படங்கள். சாமிப்படம் ஒன்று, எம்.ஜி.ஆர் படம் ஒன்று, பிள்ளைகள் தூங்கிய பிறகு பேய்ப்படம் ஒன்று. 'யார்?' (1985), 'ஜென்ம நட்சத்திரம்' (1991) எல்லாம் எங்கள் தலைமுறைக்கு இப்படி வந்து சேர்ந்தவைதான். நாங்கள் தூங்கியதாக நடித்தோம் என்பது வேறு விஷயம்.

எல்லோருக்கும் தெரிந்த ஜாம்பியில் இருந்து தொடங்கலாம். ஜாம்பி ஹாலிவுட் கண்டுபிடித்த பிராணி இல்லை. ஹைத்தியின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் நம்பிக்கையில் இருந்து வந்தது. செத்தால் ஆன்மா தாய்நாட்டுக்குப் போய்விடும், அடிமைத்தனம் அதோடு தீர்ந்தது என்பது அவர்களுக்கு இருந்த ஒரே ஆறுதல். ஜாம்பி என்றால் அந்த ஆறுதலும் பறிபோனவன். செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்கப்படுகிறவன். சாட்டையடியும் சாணிப்பாலும் கண்ட தஞ்சைப் பண்ணையாட்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்க ராணுவம் ஹைத்தியை 1915 முதல் 1934 வரை பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில்தான் இந்தக் கதை அமெரிக்காவுக்குப் போனது. 1932இல் 'ஒயிட் ஜாம்பி' வந்தது, பேலா லுகோசி நடித்தது. முழுநீள ஜாம்பிப் படங்களில் முதலாவது என்று அதைச் சொல்வார்கள். அதில் ஒரு கரும்பாலைக் காட்சி இருக்கிறது. செத்தவர்கள் வரிசையாகக் கூடையைத் தலையில் சுமந்து வருகிறார்கள். ஒருவன் தவறி எந்திரத்துக்குள் விழுகிறான். எந்திரத்தைச் சுற்றுகிறவர்கள் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அறுபத்துச் சொச்ச நிமிடப் படத்தில் அந்த ஒரு காட்சிக்காகவே நான் பலமுறை அதைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி அந்தப் படத்தின் கவலையெல்லாம் மந்திரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றித்தான். ஆலையில் சுற்றுகிற கறுப்பர்களை யார் மீட்பது என்று அது கேட்கவே இல்லை.

கேட்ட படம் 1968 அக்டோபரில் வந்தது. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. பிணங்கள் எழுந்து வருகின்றன, ஒரு வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அறிவோடு நடந்துகொள்கிறவன் பென் ஒருவன்தான். அந்த வேடத்தில் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். இரவு முழுக்கப் பேய்களிடம் தப்பித்த பென், விடிந்ததும் உதவிக்கு வந்த வெள்ளைக்காரத் துப்பாக்கிக் கும்பலின் குண்டில் சாகிறான். இறைச்சிக் கொக்கியோடு அவன் உடலை இழுத்துப் போய் மற்றப் பிணங்களோடு போட்டு எரிக்கிறார்கள். படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமை வரி விடுபட்டுப் போனதால் அது யாருக்கும் சொந்தமில்லாத படமாகிவிட்டது. அதனால்தான் யார் வேண்டுமானாலும் போட, எங்களைப் போன்றவர்கள் கைக்கும் சுலபமாக வந்தது.

அதே வருடம் டிசம்பர் 25. கீழ்வெண்மணி. ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், வெளியே தாழிட்டுக் கொளுத்தப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் பண்ணையார்களை விடுவித்தது. பென்சில்வேனியாவுக்கும் வெண்மணிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் அந்தப் படத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை என்னால் அமெரிக்கப் படமாக மட்டும் பார்க்க முடிந்ததில்லை.

நம் ஊர்ப் பேய்களுக்கு வருவோம். 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) ஜமீன் வீட்டுக் கதை. பெரிய வீடு, பூட்டிய அறை, பழைய ஓவியம் என்று ஒரு பாட்டையே பிறகு போடப்பட்டது. குடிசையில் பேய் குடியிருக்கிற படம் அபூர்வம். பேயாக வருவதற்கும் சொத்து வேண்டும் போலிருக்கிறது! இன்னொன்றையும் கவனியுங்கள். மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தில் நாகவல்லி தமிழ் பேசுவாள். அதே கதை 'சந்திரமுகி' (2005) என்று தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்கு பேசினாள். இந்திக்கு 2007இல் போனபோது வங்காளம் பேசினாள். கொலைக்கு நியாயம் கேட்கிறவள் எங்கே போனாலும் அடுத்த ஊர்க்காரி. நம் வீட்டில் நடந்த கொலைக்கு நம் மொழியில் கேள்வி வரக் கூடாது.

ராகவா லாரன்ஸின் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) இரண்டையும் மட்டமான படங்கள் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. கத்தல் அதிகம்தான். ஆனால் முதலாவதில் அரசியல்வாதியால் ஏமாற்றிக் கொல்லப்பட்ட குப்பத்து முனியாண்டி வருகிறார், இரண்டாவதில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. என் வருத்தம் வேறு. பாதிக்கப்பட்டவர் பேச வேண்டுமானால் முதலில் சாக வேண்டும், பிறகு கதாநாயகன் உடம்பை இரவல் வாங்க வேண்டும். பழி தீர்ந்ததும் மரியாதையாகப் போய்விட வேண்டும். ஊர் அப்படியே இருக்கும்.

எங்கள் பாட்டன்மார் செத்தவர்களை அப்படி அனுப்பி வைக்கவில்லை. மதுரை வீரனைப் பாருங்கள். அருந்ததியர் தங்கள் முன்னோராகக் கொண்டாடுகிற வீரன். திருமலை நாயக்கர் ஆணையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். கொன்ற நகரமே அவனுக்குப் பயந்து மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தின் பக்கம் இடம் கொடுத்தது. அவன் போகவே இல்லை, இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறான். பிற்பாடு கதையில் சரடு விட்டார்கள். காசி ராஜா பெற்ற பிள்ளை, காட்டில் போட்டதைச் செருப்புத் தைக்கிற குடும்பம் எடுத்து வளர்த்தது என்று. 1956இல் எம்.ஜி.ஆர் நடித்த 'மதுரை வீரன்' அந்தச் சரட்டைத்தான் திரையில் போட்டது. சாமியாகலாம், ஆனால் பிறப்பை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்கு எரிச்சல் தருவது சுடுகாட்டுக் காட்சிகள். வெட்டியான் என்றால் சிவந்த கண், சாராயம், அமானுஷ்யச் சிரிப்பு. அவர் அங்கே நிற்பது சாதி அவர் தலையில் கட்டிய வேலை என்பதை எந்தக் கேமராவும் சொல்வதில்லை. சுடுகாட்டில் உண்மையான பயங்கரம் எது தெரியுமா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தில் இருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகிற பாதை சாதி இந்துக்களின் நிலத்தில் மறிக்கப்பட்டிருந்தது. அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு எந்தப் பேயும் வேண்டாம்.

அண்மையில் வந்தவற்றில் 'பிரமயுகம்' (2024) தனியாக நிற்கிறது. பாணர் சாதிப் பாடகன் தேவன், பசியோடு ஒரு மனைக்குள் நுழைகிறான். கொடுமோன் போற்றி அவனை உட்கார வைக்கிறார், பாடச் சொல்கிறார், சாதி பார்ப்பதில்லை என்கிறார். அந்தப் பெருந்தன்மைதான் பொறி. கறுப்பு வெள்ளையில் மம்மூட்டி சிரிக்கும்போது முதுகு சில்லிடுகிறது. படம் வருவதற்கு முன்பே, பாத்திரத்தின் பெயர் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதாக ஒரு இல்லத்தார் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். பெயரும் மாற்றப்பட்டது. வெட்டியானுக்காக வழக்குப் போட யார் இருக்கிறார்கள்?

தமிழில் இதற்குப் பதில் சொன்னது பேய்ப்படம் என்று யாரும் பெயர் வைக்காத படம்: மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021). பேருந்து நிற்காத ஊரில் சாலையோரம் துடித்துச் செத்த சிறுமி, முகமூடி போட்ட காட்டுப்பேச்சியாக ஊருக்குள் நடந்துகொண்டே இருக்கிறாள். யாரையும் பயமுறுத்துவதில்லை, யார் உடம்பிலும் ஏறுவதில்லை. தன் ஆட்களைப் பார்த்தபடி நிற்கிறாள். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனின் நினைவிடத்துக்கு வருடா வருடம் போகிறவர்களுக்கு அந்தச் சிறுமி அந்நியம் இல்லை. இதை ஒரு திகில் படமாக வைத்துப் பேசலாம் என்று சொன்னால் தோழர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும். அடுத்த கூட்டத்தில் 'ஒயிட் ஜாம்பி'யை முதலில் போட்டுவிட்டு, பிறகு கர்ணனைப் போடுவதாக இருக்கிறேன்.