சிதைந்த ஏடும் தேய்ந்த தட்டும்

ஈரோட்டிலிருந்து திருப்பூருக்குப் பாசஞ்சர் வண்டியில் வருகிறவர்கள் ஊத்துக்குளிக்கு முன்னால் விஜயமங்கலம் என்ற சிறிய நிலையத்தைக் கடந்திருப்பார்கள். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வருவோர் ஏறிக்கொள்ளும் ஊர் என்பதற்கு மேல் அதைப் பற்றி நம்மில் பலருக்கு எதுவும் தெரியாது. பழைய சமணக் கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு எடுக்கப்பட்ட கோயில். ‘பெருங்கதை’யைப் பாடிய கொங்குவேளிரின் ஊர் இந்த விஜயமங்கலம்தான் என்பது கொங்கு நாட்டின் நெடிய மரபு.

அந்த நூல் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1924இல் அதை அச்சிட்டபோது தலையும் இல்லை, வாலும் இல்லை. முதலாவதான உஞ்சைக் காண்டம் முப்பத்திரண்டாம் பகுதியிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய முப்பத்தொன்றும் போய்விட்டன. இறுதியில் நரவாண காண்டம் ஒன்பது பகுதிகளோடு அறுந்து நிற்கிறது. அதன் பின் வந்திருக்க வேண்டிய துறவுக் காண்டம் அறவே இல்லை. இவ்விழப்பை வெகுநாளாக ஒரு பாடநூல் செய்தியாகவே அறிந்திருந்தேன். அது என்ன மாதிரியான இழப்பு என்பது சென்ற ஆண்டு ஒரு கணினியின் முன்னால் இரண்டு இரவுகள் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

திருப்பூரில் என் நண்பர் பனியன் துணிகளுக்கு அச்சு டிசைன் செய்து தரும் ஒரு சிறு கூடம் வைத்திருக்கிறார். பஞ்சுத்தூசி கணினியின் விசிறிகளில் படிந்து காற்றை அடைத்துவிடும்; உள்ளே சூடு ஏறும். மின்சாரம் சொல்லாமல் போய்ச் சொல்லாமல் வரும். இப்படிப்பட்ட இடத்தில் பல ஆண்டுகள் உழைத்த ஒரு வன்தட்டு ஒரு நாள் டிக், டிக் என்று ஒலிக்கத் தொடங்கியது. அதில் பழைய டிசைன்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை மறுபடி வரைந்துவிடலாம். ஆனால் அதே தட்டின் ஒரு மூலையில், எங்களுக்குப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஐயா காங்கயம், தாராபுரம் பக்கத்து ஊர்களில் பாட்டிமார்களிடம் கேட்டுப் பதிந்த ஒப்பாரிகளும் நடவுப் பாடல்களும் இருந்தன. கேசட்டுகளில் பூஞ்சை படரத் தொடங்கிய காலத்தில் அவரே நண்பரிடம் கொண்டுவந்து கணினியில் ஏற்றச் சொன்னவை. கேசட்டுகள் பிறகு எங்கோ போயின. ஐயாவும் போய்விட்டார். பாடிய பாட்டிகளில் ஒருவரும் இன்று இல்லை.

“டிசைன் போனாப் போகட்டுங்க, ஐயாவோட பாட்டு போயிரக் கூடாதுங்க” என்றார் நண்பர்.

வன்தட்டின் உள்ளமைப்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியில்தான் இது முதலில் வந்தது. இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள். அவை அனைத்தும் சேர்ந்து கொண்டது ஐம்பது லட்சம் எழுத்துகள்தாம். இன்று உள்ளங்கையளவுப் பெட்டிக்குள் அதைப் போல் பல லட்சம் மடங்கு அடங்குகிறது. தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல, அதன் மேல் ஒரு நுண்ணிய முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிக்கிறது, எழுதுகிறது. தலைமயிரின் தடிமன் அந்த இடைவெளியைப் போல் பல்லாயிரம் மடங்கு. முனை ஒரு முறை தட்டைத் தொட்டுவிட்டால் பூச்சு உரிகிறது. உரிந்த தூள் வேறோர் இடத்தைக் கீறுகிறது. ஆகவே பழுது பரவும் தன்மையுடையது. நோயுற்ற தட்டை ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் அதன் ஆயுளிலிருந்து கழிகிறது. படிப்பதே அழிப்பதாகவும் ஆகிவிடும் நிலை இது.

சுவடி தேடியவர்கள் இந்த நிலையை நன்கறிவார்கள். பழைய ஏட்டைக் கையில் எடுத்தால் ஓரம் உதிரும், கயிற்றை அவிழ்த்தால் இதழ் ஒடியும் என்று சி.வை. தாமோதரம் பிள்ளை தம் பதிப்புரையில் வருந்தி எழுதியிருக்கிறார். பனையோலை நன்கு பேணினால் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் தாங்கும். நம் வெயிலிலும் மழையிலும் செல்லுக்கும் பூச்சிக்கும் நடுவே அதுவும் அரிது. எனவே தலைமுறைக்கு ஒரு முறையேனும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிக்கொள்வது மரபாயிற்று. எழுத்தாணியால் கீறி, கரியும் பச்சிலைச் சாறும் தடவித் துடைத்தால் எழுத்து தெளியும். இன்று நாம் சங்க இலக்கியம் என்று படிப்பதில் சங்ககாலத்து ஓலை ஒன்றுகூட இல்லை. எத்தனையோ பேர், பெயர் தெரியாதவர்கள், படியின் படியின் படியாக எடுத்துக் கொடுத்ததுதான் அது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும். புதிய படி எடுத்த பின் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது வழக்கமாக இருந்தது. அந்தச் சடங்கில் ஒரு நியாயம் உண்டு. மூலத்தின் பணி முடிந்துவிட்டது. பிற்காலத்தில் படி எடுக்கும் கைகள் ஓய்ந்தன, ஆற்றில் விடும் கைகள் ஓயவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளைக் குப்பையாகக் கிடக்கின்றன என்று நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டதைக் கேட்டு உ.வே.சா. பதைத்த செய்தி ‘என் சரித்திர’த்தில் இருக்கிறது. அவர்கள் பகைவர்கள் அல்லர். பக்தியோடுதான் செய்தார்கள்.

பெருங்கதையின் முன்கதையோ இதைவிட வியப்பானது. அதன் மூலம் குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றிய ‘பிருகத்கதா’. அந்த மூலமும் இன்று இல்லை. அதைத் தழுவிய நூல்கள் மட்டுமே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான, காசுமீரத்துச் சோமதேவரின் ‘கதாசரித்சாகரம்’ (11ஆம் நூற்றாண்டு) ஒரு கதை சொல்கிறது. குணாட்டியர் ஏழு லட்சம் சுலோகங்களைத் தம் குருதியால் எழுதினார். சாதவாகன மன்னன் அதை ஏற்க மறுத்தான். அவர் ஒரு குன்றின் மேல் தீ வளர்த்து, ஒவ்வோர் ஏடாக விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் படித்துக் காட்டித் தீயிலிட்டார். விலங்குகள் மேய்ச்சலை மறந்து கண்ணீரோடு கேட்டு நின்றன. அரண்மனைக்கு வந்த இறைச்சி சாரமற்றுப் போகவே, மன்னன் காரணம் தேடி ஓடிவந்தான். அதற்குள் ஆறு லட்சம் எரிந்துவிட்டது. மீட்க முடிந்தது ஒரு லட்சம். உதயணன் மகன் நரவாகனதத்தனின் கதை.

தொன்மம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் இலக்கியத்தில் ஒரு தரவு மீட்பைப் பற்றி இவ்வளவு பழைய கதை வேறு உண்டா என்று தெரியவில்லை. இதில் ஒரு விதி விளையாட்டும் இருக்கிறது. மன்னன் தீயிலிருந்து காப்பாற்றியதாகச் சொல்லப்படும் அந்த நரவாகனதத்தன் பகுதிதான் நம் தமிழ் நூலில் ஒன்பதாவது பகுதியோடு முறிந்து கிடக்கிறது. வடக்கே பிழைத்தது இங்கே அழிந்தது.

இனி அந்த இரண்டு இரவுகளுக்கு வருகிறேன். சாகும் தட்டைப் படியெடுப்பதற்கு முதல் விதி, அதில் எதையும் எழுதாதிருப்பது. பழுதுபார்க்கும் கட்டளைகளை அதன் மேல் ஓட்டக் கூடாது, அவை எழுதும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உள்ளே நீர்த்துளி படிந்தால் இருப்பதும் போகும். பழையதைவிடக் கொள்ளளவு குறையாத புதிய தட்டு ஒன்றை அருகில் வைத்து, முழுவதையும் அப்படியே பெயர்க்க வேண்டும். கோப்பு கோப்பாகத் தேடி எடுக்க முயன்றால் முனை அங்குமிங்கும் அலைந்து களைத்துவிடும்.

இதற்கென்றே குனு டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் 2004 முதல் எழுதிவருவது. அதன் நடைமுறை எளியது. முதல் சுற்றில் நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை மட்டும் விரைந்து எடுக்கிறது. பழுதான இடம் வந்தால் அங்கே போராடாமல் தாண்டிப் போகிறது. எளிதானவை எல்லாம் பத்திரமான பிறகே, விட்டுவந்த இடங்களுக்குத் திரும்பி, ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒவ்வோர் இடத்தையும் ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது. நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்களுக்கு இரண்டு முறை போயிற்று.

அந்தக் குறிப்பேடுதான் என்னை உ.வே.சா.விடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிதைந்த இடத்தில் தாமே ஒரு சொல்லை இட்டு நிரப்பும் ஆற்றல் அவருக்கு இல்லாமலா போயிற்று? ஆனாலும் இல்லாத இடத்தை இல்லாத இடமாகவே புள்ளியிட்டுக் காட்டுவது நல்ல பதிப்பாசிரியரின் நெறி. ஓலையில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். ஒருவர் படிக்க ஒருவர் எழுதினால் ல, ள, ழ மயங்கும். இத்தனைக்கும் நடுவே படி எடுத்தவர்களுக்கு ஊகம் பெரிய சபலமாக இருந்திருக்கும். கணினி இந்த ஒன்றில் நம்மைவிட நேர்மையானது. படித்ததை மாற்றாமல் எழுதுகிறது. படிக்க முடியாததை வெறுமையாக விடுகிறது.

இரண்டாம் நாள் விடியும்போது ஏறத்தாழ எல்லாம் புதிய தட்டுக்கு வந்திருந்தது. மீளாதவை சில மெகாபைட்டுகள். முழு அளவோடு ஒப்பிட்டால் தூசு. ஆனால் அந்தத் தூசு மூன்று பாடல்களின் மேல் விழுந்திருந்தது. இரண்டில் நடுவே சிறு மௌனம். மூன்றாவது ஓர் ஒப்பாரி. பாட்டி தன் மகளை விளித்து ஒரு வரியைத் தொடங்குகிறாள். அந்த வரி முடிவதற்கு முன் ஒலி நின்றுவிடுகிறது. நண்பர் அதை மூன்று முறை கேட்டார். வேறு ஊரில் யாராவது இதே பாட்டைப் பாடினால் அந்த வரியைச் சேர்த்துவிடலாமே என்றார். கிடைத்தால் தனியாக வைப்போம், இதில் ஒட்ட வேண்டாம் என்றேன். முதலில் அவருக்கு வருத்தம்தான். பிறகு ஒப்புக்கொண்டார்.

பெருங்கதையின் அழிந்த பகுதிகளில் நடந்தது என்ன என்பதை ‘உதயணகுமார காவியம்’ என்ற பிற்காலச் சிறு நூலைக் கொண்டு ஓரளவு அறியலாம். கதை கிடைக்கிறது, கொங்குவேளிரின் சொல் கிடைக்கவில்லை. சுருக்கம் மூலத்துக்கு ஈடாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறு படி இல்லாதவை அன்றோடு முடிந்தன. பேணிய இடம் ஒன்றே என்றால், அது எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும் போதாது. பல வீடுகளில், பல ஊர்களில் கிடந்ததால்தான் நம் ஏடுகளில் பாதியேனும் தப்பின.

ஐயாவின் பாடல்கள் இப்போது மூன்று தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று நண்பரின் கூடத்தில், ஒன்று என் வீட்டில், ஒன்று கோவையில் ஐயாவின் மகளிடம். ஒவ்வொன்றோடும் ஒரு தாள் வைத்திருக்கிறோம். பாடியவர் பெயர், ஊர், எந்தப் பாடலில் எந்த இடம் இல்லை என்பதெல்லாம் அதில் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மூன்றையும் புதிய தட்டுகளுக்கு மாற்ற வேண்டும் என்பதையும் அதன் கடைசி வரியாக எழுதினோம். மாற்றப்போகிறவர் யார் என்ற இடத்தில் முதலில் எங்கள் பெயர்களை எழுதினோம். பிறகு நண்பர், பத்தாம் வகுப்புப் படிக்கும் தம் மகளை அழைத்து, அவள் பெயரையும் எழுதச் சொன்னார்.