பரிசை அறிவித்தவரின் பொறுப்பு

மாத்தளைத் தோட்டத்து லயங்களில் இலங்கை வானொலி ஒரு காலத்தில் வீட்டு மனிதரைப் போன்றது. அறிவிப்பாளர் சொன்னால் அது மெய். அந்த நம்பிக்கையைப் போட்டிக்குப் பயன்படுத்தி விபரீதம் விளைந்தால் யார் பொறுப்பு? இக்கேள்வி நீதிமன்றம் ஏறிய இடம் கலிபோர்னியா.

1970 ஜூலையில் லொஸ் ஏஞ்சல்ஸின் கே.எச்.ஜே. நிலையம், காரில் ஊர்சுற்றும் தன் அறிவிப்பாளரை முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பணப்பரிசு என்றது. தனித்தனிக் கார்களில் துரத்திய பதின்வயதினர் இருவரால் வேறொரு கார் சாலையை விட்டு விலகியது. அதிலிருந்தவர் இறந்தார். நிலையம் பேச்சுரிமையைக் காட்டியது. விளைவை முன்கூட்டியே உணர்ந்திருக்க முடியும் என்று 1975இல் மாநில உச்ச நீதிமன்றம் அதனைப் பொறுப்பாக்கியது.

தீர்ப்பு ஏட்டில் கிடந்தது. 2007 ஜனவரியில் அதே மாநிலத்துச் சக்ரமெண்டோவில், கே.டி.என்.டி. நிலையம் சிறுநீர் கழிக்காமல் தண்ணீர் குடிக்கும் போட்டி வைத்தது. பரிசு, ஒரு 'வீ' விளையாட்டுக் கருவி. அளவுமீறிய நீர் இரத்தத்தின் சோடியத்தைக் குறைத்து மூளையை வீங்கச் செய்யும். தாதி என்று கூறிக்கொண்ட நேயர் ஒருவர் நிகழ்ச்சியின் நடுவிலேயே அழைத்து எச்சரித்தார். போட்டியாளர்கள் கையொப்பமிட்டுவிட்டார்கள் என்று சிரித்தார்கள், அவ்வளவுதான். மூன்று பிள்ளைகளின் தாயான 28 வயதுப் பெண் அன்றே இறந்தார்.

குற்றவழக்கு எவர்மீதும் தொடரப்படவில்லை. 2009இல் ஜூரிகள் ஏறத்தாழ 1 கோடியே 65 இலட்சம் டொலர் இழப்பீடு விதித்தனர். இறந்தவர்மீது சிறிதளவும் தவறில்லை என்றும் கூறினர். ஒளிபரப்பு ஆணையம் 2016இல் விசாரணைக்கு உத்தரவிட, 2017இல் நிலையம் உரிமத்தை ஒப்படைத்து ஓய்ந்தது.