பச்சைப் புள்ளி இல்லாத ஊரில் குழந்தைக்கு என்ன கொடுப்பது?

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் வளரும் ஒரு சைவக் குழந்தை, "இதுல முட்டை இருக்கா?" என்று கேட்காமலே பல வருடங்களை ஓட்டிவிடலாம். மகேஸ்வரி உத்யான் பூங்கா பக்கம் வந்தால் 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ். மாட்டுங்கா ரயில் நிலையத்துப் பக்கம் போனால் 1942 முதல் சாப்பாடு போடும் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். இடையில் பொடி, அப்பளம், வடாம், வாழையிலை விற்கிற கடைகள். அந்தக் கேள்வியை ஊரே நமக்காகக் கேட்டு முடித்துவிட்டது.

அதே குழந்தையோடு பாங்காக்குக்கோ பாரிஸுக்கோ விடுமுறைக்குப் போகும்போது எல்லாக் கேள்வியையும் நீங்களே கேட்க வேண்டும். தயிர் சாதம், தோசை, ஒரே ஒரு பிராண்ட் பிஸ்கட் தவிர எதையும் தொடாத பிள்ளை என்றால் கவலை இரண்டு மடங்கு. டிக்கெட் போடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

எவ்வளவு சாப்பிட்டால் போதும்?

முதலில் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள், பாதிப் பதற்றம் குறையும். ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,360 கிலோ கலோரியும் 16 கிராம் புரதமும் தேவை. 200 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளர் பால் குடித்தாலே ஏறக்குறைய 13 கிராம் புரதம் வந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி பீநட் பட்டரில் இன்னும் 3 அல்லது 4 கிராம். புரதக் கணக்கு அதோடு சரி. கலோரிக்கு வாழைப்பழம், ரொட்டி, வெண்ணெய், உருளைக்கிழங்கு, வெறும் சாதம். இவை கிடைக்காத சுற்றுலா நகரம் அபூர்வம்.

பால் அல்லது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் மாற்று கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றபடி, ஆரோக்கியமான குழந்தை ஒரு வாரம் பாலும் பிரெட்டும் பழமுமாக ஓட்டினால் ஒன்றும் ஆகிவிடாது.

'வெஜிடேரியன்' என்றால் எந்த ஊரில் என்ன?

இந்தியாவில் பாக்கெட் மேல் பச்சைப் புள்ளி இருந்தால் அதில் முட்டையும் கிடையாது. இது நம் நாட்டுச் சட்டம். எல்லையைத் தாண்டினால் அந்தச் சொல்லின் பொருளே மாறுகிறது. மேற்கத்திய நாடுகளில் வெஜிடேரியன் உணவில் முட்டை சாதாரணமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு லேபிளில் வரும் 'வெஜிடேரியன்' என்ற சொல்லுக்கு இன்னும் சட்டபூர்வமான வரையறையே இல்லை. 'வீகன்' என்று அச்சிட்டதை எடுத்தால் முட்டைப் பிரச்சினை தீரும், ஆனால் பாலும் இருக்காது.

சீஸ் இன்னொரு பொறி. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. பாஸ்தா மேல் தூவுவதும், பச்சை நிறப் பெஸ்டோ சாஸில் அரைப்பதும் பெரும்பாலும் அந்த வகைச் சீஸ்தான். கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, சில ஊர்களில் கப் தயிரில்கூட ஜெலட்டின் இருக்கலாம். தயிர் சாதப் பிள்ளைகளின் பெற்றோர் இந்தக் கடைசி விஷயத்தைக் குறித்துக்கொள்வது நல்லது.

உருளைக்கிழங்கு வறுவலாவது பத்திரமா? அதுவும் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி இருப்பது தெரிந்து 2001-இல் வழக்குகள் வந்தன. 2002-இல் சைவ, இந்து அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு 1 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் அதே நிறுவனத்தின் வறுவல் சைவம். ஒரே பெயர்ப்பலகை, வேறு வேறு சமையல்.

கண்ணுக்குத் தெரியாத மீன்

தென்கிழக்கு, கிழக்கு ஆசியாவில் "கறி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. தாய்லாந்தில் காய்கறிப் பொரியலிலும் நாம் ப்ளா என்ற மீன் சாஸ் விழும். அங்கே 'ஜே' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் இருக்கும். அந்தக் கடைகளில் இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. 'மங்சவிரட்' என்று கேட்டால் முட்டை வரலாம். மலேசியாவில் கீரை வதக்கலில் பெலச்சான் என்ற இறால் விழுது இருக்கும். ஜப்பான்தான் கொஞ்சம் கஷ்டம்: மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு என எல்லாவற்றுக்கும் அடியில் தாஷி என்ற சாறு, பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்தது. அங்கே வெறும் சாதம் வாங்கி நம்ம பொடியைப் போட்டுப் பிசைவதே உத்தமம்.

விமானத்தில் எந்தச் சாப்பாடு?

'இந்து மீல்' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எச்என்எம்எல் என்ற குறியீட்டில் வரும் அந்த உணவில் மாட்டிறைச்சிதான் இருக்காது. கோழி, ஆடு, மீன் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது ஏவிஎம்எல், அதாவது இந்தியப் பாணிச் சைவ உணவு. காரமாக வரலாம் என்பதால் தயிரைத் தனியாகக் கேளுங்கள். சிஎச்எம்எல் எனும் குழந்தை உணவில் பல நேரம் சிக்கன்தான் இருக்கும். குறைந்தது 24 மணி நேரம் முன்பாகப் பதிவு செய்ய வேண்டும், சில நிறுவனங்களுக்கு 48.

பெட்டியில் எதை எடுத்துப் போகலாம்?

"பொடி கட்டிக்கோ, நெய் எடுத்துக்கோ" என்று பாட்டி சொல்வார். பொடி சரி. நெய், பால்கோவா, பனீர் போன்ற பால் பொருட்களை இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோக முடியாது. பிரிட்டனிலும் அதே தடை. கைக்குழந்தைப் பால் பவுடர், குழந்தை உணவு போன்றவற்றுக்கு மட்டும், பிரிக்காத கம்பெனி பாக்கெட்டாக, 2 கிலோ வரை விலக்கு உண்டு. பழங்களில் வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்குத்தான் ஐரோப்பாவில் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தேவையில்லை. கறிவேப்பிலை அந்தப் பட்டியலில் இல்லை.

அமெரிக்காவுக்கு அரிசி கொண்டுபோக நினைத்தால் விட்டுவிடுங்கள். கப்ரா வண்டு பரவியுள்ள இந்தியா போன்ற நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவர 2011 முதல் அங்கே தடை. ஆஸ்திரேலியாவும் 2020 அக்டோபரிலிருந்து பயணிகளின் பெட்டியில் அரிசி, பயறு வகைகளைத் தடுத்திருக்கிறது. அங்கே சாப்பிடும் பொருள் எது இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். காட்டினால் மிஞ்சிப்போனால் குப்பையில் போடுவார்கள், மறைத்தால் பெரிய அபராதம். சிங்கப்பூர், அமீரகம் போகிறவர்கள் குருமா மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று பார்க்கவும், இரண்டு இடத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள். கொப்பரைத் தேங்காயை விமான விதிகள் தானாகத் தீப்பிடிக்கும் பொருள் என்ற வகையில் வைத்திருக்கின்றன. அதை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

வீட்டில் அரைத்த பொடியைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட கடைப் பாக்கெட் சோதனையில் எளிதாகத் தாண்டும். ருசி கொஞ்சம் குறைவுதான், என்ன பண்றது.

அறையில் சமைக்கலாமா?

பல ஹோட்டல்கள் அனுமதிப்பதில்லை. சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட் எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். நம் ஊர் கெட்டிலை எல்லா நாட்டிலும் நம்ப முடியாது: 230 வோல்ட்டுக்குச் செய்த கெட்டில், 120 வோல்ட் அமெரிக்காவில் கால்வாசி சக்தியில்தான் ஓடும், 100 வோல்ட் ஜப்பானில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. இரண்டு மின்னழுத்தத்திலும் ஓடுகிற பயணக் கெட்டில் வாங்குங்கள்.

பல நகரங்களுக்கும் சொந்தமாக ஒரு மாட்டுங்கா உண்டு. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், லண்டனில் ஈஸ்ட் ஹாம், பாரிஸில் ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பெல். அறையை அதன் அருகே, அல்லது நேரடி மெட்ரோ போகும் இடத்தில் பிடித்தால் ஒரு நாளைக்கு ஒரு வேளை தோசை உறுதி. மற்ற வேளைகளைச் சமாளித்துவிடலாம்.

புது உணவைப் பழக்க இதுதானா நேரம்?

இல்லை. 2 முதல் 6 வயதில் புது உணவைக் கண்டு பயப்படுவது வளர்ச்சியின் இயல்பான பகுதி. ஒரு புது ருசி பிடிக்க 8 முதல் 15 முறைகூடப் படலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு வார விடுமுறையில் அது நடக்காது. தட்டில் பழகியது ஒன்று, பக்கத்தில் புதிது கொஞ்சம். என்ன, எப்போது என்பது உங்கள் முடிவு, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் எல்லின் சாட்டர் வகுத்த இந்தப் பங்கீடு, "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவதைவிட நன்றாக வேலை செய்கிறது.

சாப்பாட்டைவிடத் தண்ணீரைக் கவனியுங்கள். வெயிலில் அலையும் நாளில் குழந்தை சிறுநீர் கழிப்பது வெகுவாகக் குறைந்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, வாந்தியோ காய்ச்சலோ சேர்ந்துகொண்டாலோ அது அடம் அல்ல. அன்றைய சுற்றலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பயணக் காப்பீட்டின் அவசர எண்ணைக் கிளம்பும் முன்பே போனில் சேமித்து வையுங்கள்.